தாய்மாமன் சீர் எத்தனை பவுன் என்பதைச் சம்பந்தி வீடு முடிவு செய்யலாமா?

குடியாத்தம் பக்கத்து ஊரிலிருந்து 28 வயதுச் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தவர், பிரசவத்துக்குப் பிறகு போகவில்லை. கணவர் ஒரு டூவீலர் ஷோரூமில் கணக்கு எழுதுகிறார். அப்பா லுங்கி நெசவாளி, முட்டி தேய்ந்து போனதால் இப்போது தறியில் உட்கார முடியாது. ஒரே தம்பி, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் மாதம் 16,000 ரூபாய் சம்பளம். பெண் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிறது. பதினோராம் மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி, அன்றைக்கே ஊரில் மண்டபம் பிடித்து விருந்து வைப்பதாக மாமியார் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். கூடவே ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. குழந்தைக்கு ஒரு பவுன் செயின், கம்மல், வெள்ளிக் கொலுசு, அரைஞாண், மருமகனுக்கு ஒரு பவுன் மோதிரம், மாமனார் மாமியாருக்குப் பட்டு, மேளத்தோடு 51 தட்டு வரிசை. "பெரிய மருமகள் வீட்டில் ஐந்து பவுன் போட்டார்கள், நாங்கள் உங்களைக் குறைத்துத்தான் கேட்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வட்டிக்காரரிடம் 5 வட்டிக்கு 2 லட்சம் பேசி வைத்திருக்கிறான். கணவரோ, வருகிற மொய்யில் பாதியை மச்சானுக்குக் கொடுத்துவிடலாம், இப்போதைக்கு அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டாம் என்கிறார். பொங்கலுக்குத் தாய்வீடு கிளம்பியபோது, "சீர் விஷயம் பேசி முடித்துவிட்டுப் போ" என்று மாமியார் நிறுத்திவிட்டார். வளைகாப்பில் அப்பா போட்ட இரண்டு தங்க வளையலும், பெயர் வைத்த அன்று குழந்தைக்கு வந்த மோதிரங்களும் மாமியாரின் பீரோவில் இருக்கின்றன. கேட்டால், "பத்திரமாகத்தான் இருக்கிறது." பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், அதில் கொஞ்சம் அடகில் இருக்கலாம் என்று காதோடு சொல்லியிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள் இவை. இப்படிக் கேட்பது வரதட்சணைதானே, ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்று தோழி சொல்கிறாள். இது வழக்கம், இதில் சட்டம் தலையிட முடியாது என்று அப்பா சொல்கிறார். யார் சொல்வது சரி? நகையைத் திரும்பக் கேட்கலாமா? தம்பியைச் சீர் செய்யாதே என்று தடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே? கடைசியாகச் சின்னதாக ஒன்றும் கேட்டிருக்கிறார். கம்பெனித் தோழிக்கு அடுத்த வாரம் வளைகாப்பு, முதல் கர்ப்பம் கலைந்துபோன பெண் அவள், என்ன கொண்டு போவது?

சகோதரி, கடிதத்தின் நடுவில், "கேட்பதற்குக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது, வெளியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்கிற விசேஷம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. நம் வடாற்காட்டுப் பக்கத்தில் தறி, பீடி, தோல், ஷூ கம்பெனி என்று உழைத்துச் சம்பாதிக்கிற குடும்பங்களில் கல்யாணக் கடனைவிட அதற்குப் பிறகு வருகிற விசேஷக் கடன்தான் நிறைய வீடுகளை அரிக்கிறது. வளைகாப்பு, தொட்டில் போடுவது, பேர் வைப்பது, காதுகுத்து, அப்புறம் பெண் வயசுக்கு வந்தால் அதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தாய்வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்க்கிறார்கள். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குக் குடும்ப வழக்கோடு வருகிற பெண்களிடம் பேசும்போது சண்டை எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஏதாவது ஒரு சீர் தட்டில்தான் பலருக்கும் நினைவு போய் நிற்கிறது. அதனால் உங்கள் கேள்வியை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

இது வரதட்சணையா?

தோழி சொல்வது பாதி சரி, அப்பா சொல்வதும் பாதிதான் சரி. 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், திருமணம் தொடர்பாகக் கொடுப்பதையும் கேட்பதையும்தான் வரதட்சணை என்கிறது. திருமணத்துக்கு முன்போ, அன்றைக்கோ, பிறகு எப்போதோ கேட்டிருக்கலாம், ஆனால் அந்தத் திருமணத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். குழந்தை பிறப்பை ஒட்டியும் மற்றச் சடங்குகளிலும் வழக்கமாகக் கொடுப்பது இந்த வரையறைக்குள் வராது என்று 2001-ல் சத்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, காதுகுத்துக்கு ஒரு பவுன் கேட்டார்கள் என்ற ஒரே காரணத்தை வைத்து வரதட்சணை வழக்கு நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஆனால் பேச்சுவாக்கில் அவர்கள், "கல்யாணத்தில் பேசியதில் பாக்கி இருக்கிறது, அதை இப்போது போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் கதை மாறிவிடும். அது சடங்கின் பெயரில் வருகிற வரதட்சணைக் கோரிக்கைதான். அப்படி ஏதாவது பேச்சு வந்ததா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

இனி அப்பாவுக்கு. வழக்கம் என்று சொல்லிவிட்டால் சட்டம் வாசலில் நின்றுவிடும் என்பது சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 85, 86-ம் பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு சொன்னதையேதான் சொல்கின்றன. ஒரு பெண்ணையோ அவளுடைய உறவினரையோ சட்டவிரோதமான ஒரு கோரிக்கைக்குப் பணிய வைப்பதற்காக அவளைத் துன்புறுத்தினால், கேட்டது எந்தச் சொத்தாக இருந்தாலும் அது கொடுமை. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கேட்டது வரதட்சணை என்ற வரையறைக்குள் வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமும் இப்படித்தான், சொத்து கேட்டு வதைப்பதையும், ஒரு பெண்ணின் நகையைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் அது வன்முறையாகவே பார்க்கிறது.

இதில் என் கண்ணுக்கு முதலில் பட்டது பவுன் கணக்கு இல்லை, உங்களைப் பொங்கலுக்கு அனுப்பாமல் நிறுத்தியதுதான். பட்டியல் கொடுப்பது நாகரிகமில்லாத காரியம். சீருக்காக மருமகளைத் தாய்வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்துவது அதைத் தாண்டிய காரியம். நீங்களோ கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது வரை. பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள், தம்பியின் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். இன்றைக்கே வழக்குப் போடத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிலைமை மோசமானால் வெறும் வாய்ப்பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மனு கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வழக்கில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. மனு கொடுத்தால் பெரும்பாலும் முதலில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் திரும்பிப் போக வேண்டிய வீடு அதேதான். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். இப்போது இருக்கிற நிலையில், பேசிப் பார்ப்பதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பீரோவில் இருக்கிற நகை

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளைகாப்பில் உங்கள் அப்பா உங்கள் கையில் போட்ட வளையல் உங்களுடையது. திருமணத்துக்கு முன்பும், திருமணத்திலும், பிறகும் ஒரு பெண்ணுக்கு அன்பளிப்பாக வருவது சீதனம். அதில் கணவருக்கோ மாமியாருக்கோ உரிமை கிடையாது. அவர்கள் கையில் இருந்தால் ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் இருக்கிறது, கேட்டும் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் வரை போகும் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைக்கு வந்த மோதிரங்கள் குழந்தையின் சொத்து. அவள் சார்பாக வைத்திருக்க வேண்டியவர்கள் பெற்றவர்களான நீங்கள் இரண்டு பேர்தான், பாட்டி இல்லை.

உரிமை இருக்கிறது என்பதற்காக நாளைக் காலையில் போய், "என் நகையை எடுத்துக் கொடுங்கள்" என்று நிற்க வேண்டாம். நல்ல சாக்கு ஒன்று தானாக வந்திருக்கிறது. காதுகுத்துக்குப் போட்டுக்கொள்ள வளையல் வேண்டும், குழந்தைக்கும் மோதிரம் போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று கணவரை விட்டே கேளுங்கள். கைக்கு வந்தால், விசேஷம் முடிந்ததும் உங்கள் பெயரிலோ இரண்டு பேர் பெயரிலோ பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வராமல் இழுத்தால் அடகுச் சந்தேகம் உண்மை என்று புரிந்துகொள்ளலாம். அப்போதும் முதல் கேள்வி, "எந்தக் கடையில், எவ்வளவுக்கு, எப்போது மீட்பீர்கள்" என்பதாக இருக்கட்டும், சத்தமாக இருக்க வேண்டியதில்லை. வளைகாப்பு போட்டோ, பேர் வைத்த அன்று எடுத்த வீடியோ, அப்பா வளையல் வாங்கிய பில், மூன்றையும் தேடி எடுத்து வையுங்கள். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையில் தேதியைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் கம்ப்யூட்டரில் இருக்கும்.

தம்பி வாங்கப்போகிற கடன்

இதை உங்கள் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். 5 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். 2 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டும். சம்பளம் 16,000. அசலில் ஒரு ரூபாய் குறையாமலேயே வருஷத்துக்கு 1,20,000 போய்விடும். 24 வயதுப் பையன், நாளைக்கு அவனுக்கும் கல்யாணம் ஆக வேண்டும், அப்பாவுக்கு முட்டி வைத்தியம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது, வட்டிக்காரர் மிரட்டினால் புகார் கொடுக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் தேடி வருகிறவர்கள் படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடனை அவன் வாங்கவே கூடாது. இதில் மட்டும் நான் இரண்டு பக்கமும் பார்த்துப் பேச மாட்டேன்.

மொய்யில் பாதி தருகிறோம் என்று உங்கள் கணவர் சொல்வது நல்ல மனசில் சொன்னதாகவே இருக்கட்டும், நடக்காது. மொய் நோட்டு யார் கையில் இருக்கும், மண்டப வாடகை, சமையல்காரர், வேன் எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும் என்பது விருந்து முடிகிறவரை யாருக்கும் தெரியாது. தவிர, மொய் நம் வருமானம் கிடையாது. 500 எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு 500-ஓ 600-ஓ எழுதியாக வேண்டும். திருப்பிச் செய்ய வேண்டிய பணத்தைக் காட்டித் தம்பியைக் கடன் வாங்க வைப்பது தப்பான கணக்கு. போகிற போக்கில் ஒரு தகவல்: கல்யாணத்தில் வருகிற அன்பளிப்புக்கு வருமான வரியில் விலக்கு உண்டு, காதுகுத்துக்கு அந்த விலக்கு இல்லை. கூடப்பிறந்தவர்கள், தாய்மாமன், சித்தப்பா மாதிரி நெருங்கிய உறவில் வருவது கணக்கில் சேராது. மற்றவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வருவது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானமாகக் கணக்காகும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அதனால் வரி வராமலேயே போகலாம், இருந்தாலும் மொய் நோட்டை ஒழுங்காக எழுதிப் பத்திரப்படுத்துவது நல்லது.

சரி, அப்படியானால் தாய்மாமன் என்னதான் செய்ய வேண்டும்? சீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்கா குழந்தையை மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது ஒரு தம்பிக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும், அதை அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது. அந்தச் சடங்குக்கு வேண்டியது என்னவென்று பாருங்கள். மாமன் மடி, குழந்தைக்குப் புதுத் துணி, மாலை, காதில் போடக் கம்மல், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய், பழம், பூ. உங்களுக்கு ஒரு புடவை எடுத்தால் சந்தோஷம், ஆரணிப் பட்டுதான் வேண்டும் என்பதில்லை. வசதி இருந்தால் ஒரு வெள்ளிக் கொலுசு. இதோடு சடங்கு முழுமையாகிவிட்டது. இது இல்லாவிட்டால்தான் குறை சொல்லலாம். மருமகனுக்கு மோதிரம், சம்பந்திக்குப் பட்டு, 51 தட்டு எல்லாம் பக்கத்து வீட்டைப் பார்த்துச் சேர்ந்துகொண்டவை. அந்த 51 தட்டிலும் பாதி, கண்ணாடித் தாள் சுற்றிய பிஸ்கட் பாக்கெட்டும் சாக்லேட்டும் பொம்மையும்தான், தட்டும் அலங்காரமும் வாடகைக்கு எடுப்பது. 9 தட்டு போதும், நிறைவாகவே இருக்கும்.

கம்மல் வாங்கும்போது கவனிக்க ஒன்று. குழந்தைக் கம்மல் ஒன்று, ஒன்றரை கிராமில்தான் இருக்கும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, ஆகவே வேலூர் லாங்கு பஜாரில் ஆகட்டும் குடியாத்தத்தில் ஆகட்டும், தெரிந்த, பில் தருகிற கடையில் வாங்கச் சொல்லுங்கள். 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி என்கிற அடையாளக் குறி நகையில் இருக்க வேண்டும், 2023 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். செய்கூலியும் சேதாரமும் சின்ன உருப்படியில் விலைக்குத் தகுந்தபடி பார்த்தால் அதிகம். நாளைக்கு விற்கப் போனால் அதெல்லாம் திரும்பி வராது. பத்து மாதக் குழந்தைக்கு ஒரு பவுன் செயின் போட்டுக் கோயில் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைவதில் இருக்கிற பயத்தையும் மாமியாருக்கு நினைவுபடுத்தலாம். பணமாகவே குழந்தைக்குச் சேர வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டால், நீங்களோ கணவரோ தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வருஷம் 250 ரூபாயிலிருந்து கட்டலாம். தம்பி அவனுக்கு முடிந்ததை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்களிடம் கொடுக்கட்டும், நீங்கள் கட்டிவிடுங்கள். ஒரே நாளில் ஊர் பார்க்கச் செய்கிற சீரைவிட இது பெண்ணுக்கு நிஜமாகப் போய்ச் சேரும்.

குழந்தைக்கு ஆகாது என்று சொல்வதைப் பற்றி. எந்தக் குலதெய்வமும் பவுன் எடை பார்த்துக் குழந்தையைக் காப்பதில்லை. இந்தப் பேச்சு வந்தால் வாதாட வேண்டாம். "அம்மன் கோயிலில் மாமன் மடியில் குத்துகிறோமே அத்தை, அதைவிட என்ன வேண்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேச வேண்டியவர் யார்

நீங்கள் இல்லை, தம்பியும் முதலில் இல்லை. உங்கள் கணவர். கடிதம் முழுக்க அவரைப் பற்றி அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், கெட்டவர் இல்லை, அம்மாவுக்குப் பயந்தவர் என்று. அந்த மௌனத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி உங்கள் தம்பி கட்டப்போகிறான் என்பதை அவரிடம் சொல்லுங்கள், இதே கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியே சொல்லுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அது உடனே புரியும். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அவர் தன் அம்மாவிடம் பேசியாக வேண்டும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ஊரைக் கூப்பிட்ட பிறகு பேசினால் எல்லாருக்கும் வீம்பு வந்துவிடும். பேச்சு இப்படி இருக்கலாம்: "அம்மா, மச்சான் கடன் வாங்கித்தான் செய்யணும்னு தெரிஞ்சுபோச்சு. கடன் வாங்கி என் பொண்ணுக்குச் செய்ய வேணாம்னு நானே சொல்லிட்டேன். கம்மலும் துணியும் கொண்டு வருவான், மடியில உட்கார வெச்சுக் குத்துவான். எனக்கு மோதிரம் வேணாம்." நானே சொல்லிவிட்டேன் என்ற வார்த்தை அதில் முக்கியம். மருமகள் தூண்டிவிட்டாள் என்று பேச்சு திரும்பாமல் இருக்க அதுதான் வழி. தனக்கு மோதிரம் வேண்டாம் என்று மருமகனே சொல்லிவிட்டால் பட்டியலில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

மாமியார் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், நீங்கள் கோபத்தில் பார்க்கத் தவறியது அது. பெரிய சம்பந்தி ஐந்து பவுன் போட்டதை ஊரே பார்த்திருக்கிறது, சின்ன மகன் குழந்தைக்குக் குறைந்தால் தனக்குத் தலைக்குனிவு என்று நினைக்கிறார். அந்தப் பயத்துக்கு வழி செய்யலாம். மண்டபத்தை விட்டுவிட்டுப் படவேட்டிலேயே நெருங்கிய சொந்தத்தோடு சர்க்கரைப் பொங்கலும் சாப்பாடுமாக முடித்துக்கொண்டால் யாரும் ஒப்பிட்டுப் பேச மேடையே இல்லை, உங்கள் கணவருக்கும் செலவு மிச்சம். மண்டபம் வேண்டும்தான் என்றால், வரிசைத் தட்டை வாசலில் மேளத்தோடு எடுத்து வருவதையும், யார் என்ன போட்டார்கள் என்று மைக்கில் படிப்பதையும் நிறுத்திவிடுங்கள். அது இரண்டும் இல்லாவிட்டால் 9 தட்டா 51 தட்டா என்று எண்ணிக்கொண்டிருப்பவர் யாரும் இல்லை. உங்கள் ஓரகத்தியிடமும் பேசிப் பாருங்கள். அந்த ஐந்து பவுனுக்கு அவர் வீட்டில் என்ன கஷ்டப்பட்டார்களோ, அவரே உங்கள் பக்கம் நிற்கலாம்.

கணவர் பேசியும் நடக்கவில்லை, மறுபடி தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை, நகையும் வரவில்லை என்றால், அப்போது சட்டத்தின் பக்கம் வாருங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், போலீஸுக்குப் போகாமலேயே அவர் மூலம் நீதிமன்றத்தில் மனு செய்து நகையைத் திரும்பக் கேட்கலாம், வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்கவும் உத்தரவு கேட்கலாம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அப்பா பயப்படுகிற இன்னொரு விஷயம், சீர் கொடுத்தவர் மேலேயே கேஸ் திரும்பிவிடுமோ என்பது. வரதட்சணை கொடுப்பதும் சட்டப்படி குற்றம்தான், ஆனால் பாதிக்கப்பட்டவர் புகாரில் சொல்வதை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது.

தோழியின் வளைகாப்புக்கு

இதைக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. முதல் கர்ப்பம் கலைந்த பெண்ணுக்கு, பிறக்கப்போகிற குழந்தைக்கென்று துணியோ தொட்டிலோ பொம்மையோ இப்போது கொண்டு போகாதீர்கள். குழந்தை கைக்கு வருவதற்கு முன்னால் அதற்காக எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்று பல வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள், அவர்களுக்கு அது பெரிய பயம். வளைகாப்பு தாய்க்கு நடக்கிற விசேஷம், அவளுக்குச் செய்யுங்கள். இரண்டு டஜன் கண்ணாடி வளையல், பூ, பழம், அவளுக்குப் பிடித்த ஒரு சோறு கட்டிக்கொண்டு போனால் போதும். கூடவே முன்பக்கம் திறந்து போடுகிற நல்ல காட்டன் நைட்டி இரண்டு வாங்கிக் கொடுங்கள், பால் கொடுக்கும்போது உங்களை நினைத்துக்கொள்வாள். "இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்கும்" என்று சொல்ல வேண்டாம், போன தடவையை நினைவுபடுத்துகிற வார்த்தை அது. "ஆண் குழந்தையா, வயிற்றைப் பார்த்தால் தெரிகிறது" என்கிற பேச்சில் கலந்துகொள்ளவும் வேண்டாம்.

குழந்தை பிறந்த பிறகு போகும்போது போன் செய்துவிட்டுப் போங்கள், சளி காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். பிறந்த சைஸில் சட்டையாக எல்லாரும் கொண்டு வந்து குவிப்பார்கள், நீங்கள் ஆறு மாதத்துக்கு மேல் போடுகிற சைஸில் எடுங்கள். துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி கொஞ்சம் கிழித்து மடித்துக் கொடுத்தால் அதைவிட உதவி எதுவும் இல்லை. பவுடர், மை, பால் பாட்டில், பால் பவுடர் டப்பா வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். பால் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யவே 1992-ம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. பணமாகக் கொடுப்பதானால் கவரைத் தாயின் கையிலேயே கொடுங்கள். உங்களால் 200 ரூபாய்தான் முடியும் என்றால் 201 வையுங்கள், அது குறைவில்லை.